ஸெய்லானிகுஸ், ஸெய்லானிகா, ஸெய்லானிகும்
ஓர் இலத்தீன் அடைமொழி கற்பிக்கும் பாடம்

ஊவா மலைச்சாரலிலே, ஹல்துமுல்லையிலிருந்து பெரகலை வழியாக ஹப்புத்தளைக்கு ஏறிச் செல்லும் பாதையின் இருமருங்கும் நிற்கும் மரஞ்செடிகொடிகள் ஒவ்வொன்றுக்கும் மூன்று பெயர்கள் உள. தமிழர் வழங்கும் பெயர் ஒன்று. சிங்களர் வழங்கும் பெயர் ஒன்று. எந்நாட்டு அறிஞரும் ஒருங்கே ஒப்பி வழங்கும் இலத்தீன் பெயர் ஒன்று. முதலிரண்டும் பேச்சிலே கலந்து நம் செவிக்கு இனியவாயின. மூன்றாவதைக் கண்டு மாணவர் பலர் மருளுகின்றனர். பொருளறியாது நெட்டுருச் செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் விடுகின்றனர். அம்மருட்சி வேண்டுவதில்லை என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

இலத்தீன் இன்று எந்நாட்டினர்க்கும் தாய்மொழியன்று. ஹப்புத்தளையை அடுத்துள்ள அடிஷம் மாளிகை 1961ஆம் ஆண்டு முதல் பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடமாக விளங்குகின்றது. அவர்தம் சபையின் பழைய மொழியும் இலத்தீனே. ஆயினும் 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர்க் கத்தோலிக்க வழிபாடுகளும் அந்தந்த நாட்டு மொழிகளிலே நிகழலாயின. தாவரவியலிலோ அம்மொழி இன்னும் அரசோச்சுகின்றது. புதிதாகக் காணும் செடிக்கு இலத்தீனில் விளக்கம் எழுதவேண்டும் என்றிருந்த கட்டாயம் 2012ஆம் ஆண்டு தொடக்கத்திலே தளர்த்தப்பட்டு, ஆங்கிலத்திலும் எழுதலாம் என்றாயிற்று. ஆனால், பெயர் மட்டும் இலத்தீன் முறைப்படியே அமைதல் வேண்டும் என்னும் விதி மாறவில்லை.

அப்பெயர் இரு சொற்களால் ஆவது. முதற்சொல் இனத்தின் பெயர். இரண்டாஞ்சொல் அவ்வினத்துள் ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. இவ்விரண்டாஞ்சொல் பெரும்பாலும் ஓர் அடைமொழியாகவே இருக்கும். அவ்வடைமொழி எவ்வாறு திரியும் என்பதை அறிந்தவர்க்குப் பெயரிற் பாதி தானே விளங்கிவிடும். நம் நாட்டின் பெயரினின்றே பிறந்த 'ஸெய்லானிகுஸ்' என்னும் அடைமொழியை எடுத்துக்கொண்டு இத்திரிபினை ஆராய்வோம். 'இலங்கைக்குரிய' என்பது இதன் பொருள். ஐரோப்பியர் இத்தீவை ஸெய்லான் என்று வழங்கிய பெயரோடு, 'உரிய', 'சார்ந்த' என்று பொருள்படும் விகுதி சேர்ந்து இச்சொல் உருவாயிற்று.

மூன்று நூல்கள், ஓர் அடைமொழி

ஒல்லாந்தர் இலங்கையின் கரையோரங்களை ஆண்ட காலத்தில், ஜெர்மன் தேசத்து ஹாலே நகரிலே பிறந்த பவுல் ஹேர்மன் (1646–1695) என்னும் மருத்துவர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் சேவையில் இங்கு வந்தார். 1672 முதல் 1677 வரை இத்தீவிலே தங்கி, செடிகளைச் சேர்த்து உலர்த்தித் தாள்களில் ஒட்டி வைத்தார். அவர் திரட்டிய செல்வத்தின் பட்டியல், அவர் இறந்தபின் 1717இல் லெய்டன் நகரில் அச்சாயிற்று. அதன் பெயர் 'மூஸேயும் ஸெய்லானிகும்'. 'இலங்கைக் காட்சிச்சாலை' என்னலாம்.

பின்னர் 1737இல் அம்ஸ்டர்டாம் நகரத்து அறிஞர் யொஹான்னஸ் பேர்மன் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயர் 'தெஸௌருஸ் ஸெய்லானிகுஸ்'. 'இலங்கைக் கருவூலம்' என்பது பொருள்.

ஹேர்மனின் உலர்செடித் தொகுதி 1744இல் சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயஸின் பார்வைக்குக் கிட்டியது. இலங்கையை ஒருபோதும் கண்டறியாத அவர், அத்தொகுதியை ஆராய்ந்தே 1747இல் 'ஃப்ளோரா ஸெய்லானிகா' என்னும் நூலை இயற்றினார். 'இலங்கைத் தாவர வளம்' என்று இதனை மொழிபெயர்க்கலாம். ஹேர்மனின் அத்தொகுதி இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையிலே பேணப்படுகின்றது.

இம்மூன்று பெயர்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்குக. நாடு ஒன்றே, பொருளும் ஒன்றே. ஆயினும் அடைமொழி ஓரிடத்து 'குஸ்' என்றும், ஓரிடத்து 'கா' என்றும், ஓரிடத்து 'கும்' என்றும் முடிகின்றது. ஏன்? 'தெஸௌருஸ்' இலத்தீனில் ஆண்பாற் சொல். 'ஃப்ளோரா' மலர்த் தேவதையின் பெயர், ஆகவே பெண்பால். 'மூஸேயும்' இரண்டுமல்லாத பால். வடமொழியாளர் நபுஞ்சகம் என்பது இதனையே. பெயர்ச்சொல் எப்பாலோ அப்பாலே அடைமொழிக்கும் ஆதல் வேண்டும். இலத்தீன் அடைமொழியின் முதல் விதியும் முடிந்த விதியும் இதுவே.

உயிரற்ற நூலுக்கு ஆண்பாலேது, பெண்பாலேது என்று தமிழ் மாணவன் வினவுவான். வினவுதல் நியாயமே. தமிழிற் பால் பொருளைப் பற்றியது. இலத்தீனிலோ பெரும்பாலும் சொல்லைப் பற்றியது. வடமொழி கற்றவர்க்கு இது புதுமையன்று. 1786இல் கல்கத்தாவிலே சேர் வில்லியம் ஜோன்ஸ் வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்று பிறந்தனவாதல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். 'புதியது' எனப் பொருள்படும் வடமொழி 'நவம்', இலத்தீனில் 'நோவும்' என நிற்பதைக் கண்டாலே அவ்வுறவு விளங்கும். நம் வீடுகளிற் பிள்ளைகட்கு இடும் சுந்தரன், சுந்தரி, சுந்தரம் என்னும் பெயர்களும், ஒரே வடமொழி அடைமொழியின் முப்பால் வடிவங்களைத் தமிழில் ஏற்றவையே. 'குஸ், கா, கும்' என்பதும் அத்தகையதே.

தமிழின் இயல்பு

தமிழ் அடைமொழி இவ்வாறு திரிவதில்லை. நல்ல மகன், நல்ல மகள், நல்ல மரம், நல்ல மரங்கள், நல்ல மரத்துக்கு என எவ்விடத்தும் 'நல்ல' என்பது நல்லவாறே நிற்கின்றது. ஆனால், அச்சொல்லே பெயருக்கு முன்னின்று தழுவாமற் பின்னின்று முடிக்குமாயின், அவன் நல்லன், அவள் நல்லள், அவர் நல்லர், அது நல்லது, அவை நல்லன என ஐம்பாலுக்கும் ஏற்ப விகுதி கொள்ளுகின்றது. இலக்கண நூலார் இதனைக் குறிப்பு வினைமுற்று என்பர். எனவே இயைபு என்பது நமக்கு அறிமுகமில்லாததன்று. நாம் வாக்கியத்தின் முடிவிற் காட்டும் இயைபை இலத்தீனர் அடைமொழியிலும் காட்டுகின்றனர், வேற்றுமை அவ்வளவே.

இன்னுமொரு வேறுபாடு உண்டு. தமிழில் வேற்றுமை உருபைப் பெயர் மட்டுமே ஏற்கும். இலத்தீனில் அடைமொழியும் உடனேற்கும். அதனைக் கீழே ஒழுங்குபடுத்திக் காட்டுகின்றோம். பழைய உரோமர் ஒலித்தவாறே எழுதியுள்ளோம். நிரை ஆண்பால், பெண்பால், நபுஞ்சகம் என்பதாகும்.

ஒருமை

எழுவாய்: ஸெய்லானிகுஸ் – ஸெய்லானிக – ஸெய்லானிகும்
விளி: ஸெய்லானிகெ – ஸெய்லானிக – ஸெய்லானிகும்
இரண்டாவது (ஐ): ஸெய்லானிகும் – ஸெய்லானிகம் – ஸெய்லானிகும்
ஆறாவது (உடைய): ஸெய்லானிகீ – ஸெய்லானிகை – ஸெய்லானிகீ
நான்காவது (கு): ஸெய்லானிகோ – ஸெய்லானிகை – ஸெய்லானிகோ
ஐந்தாவது (இல், இன்): ஸெய்லானிகோ – ஸெய்லானிகா – ஸெய்லானிகோ

பன்மை

எழுவாயும் விளியும்: ஸெய்லானிகீ – ஸெய்லானிகை – ஸெய்லானிக
இரண்டாவது: ஸெய்லானிகோஸ் – ஸெய்லானிகாஸ் – ஸெய்லானிக
ஆறாவது: ஸெய்லானிகோரும் – ஸெய்லானிகாரும் – ஸெய்லானிகோரும்
நான்காவதும் ஐந்தாவதும்: முப்பாலுக்கும் ஸெய்லானிகீஸ்

இப்பட்டியலிலே பெண்பால் எழுவாய் 'க' எனக் குறிலாகவும், ஐந்தாவது 'கா' என நெடிலாகவும் நிற்பதைக் கவனிக்க. உரோம எழுத்தில் இரண்டும் ஒருபடியாகவே எழுதப்படும். குறிலும் நெடிலும் வேறெழுத்தாகவுள்ள தமிழிலோ வேறுபாடு கண்ணுக்கே புலனாகின்றது. வழக்கத்தில் நாம் 'இண்டிகா', 'அராபிகா' என நீட்டியே எழுதுவோம். அவ்வழக்கையே இக்கட்டுரையின் பிற பகுதிகளிலும் கைக்கொள்ளுகின்றோம்.

வேற்றுமை வடிவங்களுக்கும் நம் நாட்டு நூலொன்றே சான்று. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவெய்ட்ஸ் என்பார் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலுக்கு 'எனுமெராற்றியோ பிளாந்தாரும் ஸெய்லானியை' என்று பெயர். 'பிளாந்தாரும்' என்பது ஆறாம் வேற்றுமைப் பன்மை: செடிகளுடைய. 'ஸெய்லானியை' என்பது தமிழின் இரண்டாம் வேற்றுமை போலத் தோன்றினும், இலத்தீனில் அது ஆறாம் வேற்றுமை ஒருமை: இலங்கையினுடைய. ஆகவே 'இலங்கைச் செடிகளின் பட்டியல்' என்பது நூற்பெயர். இங்கே 'ஸெய்லானியை' அடைமொழியன்று, பெயர்ச்சொல். அடைமொழியால் இதனையே சொல்ல விரும்பின், 'பிளாந்தாரும் ஸெய்லானிகாரும்' என இரு சொல்லும் ஒரே வேற்றுமையிலும் ஒரே எண்ணிலும் ஒரே பாலிலும் நிற்றல் வேண்டும்.

மலைச்சாரலிலிருந்து உதாரணங்கள்

இனி நூலை விட்டு மரத்துக்கு வருவோம். கொடிவேலி என்றும் சித்திரமூலம் என்றும் நாம் வழங்கும் வெண்பூச் செடிக்குப் 'பிளும்பாகோ ஸெய்லானிகா' என்று பெயர். 'பிளும்பாகோ' ஓகாரத்தில் முடியினும் பெண்பால். அடைமொழியின் 'கா' அதனை வெளிப்படுத்துகின்றது. ஹோட்டன் சமவெளியிலே செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் மரத்துக்கு 'ரோடோடென்ட்ரோன் ஆர்போரெயும்' என்று பெயர். இலங்கையிலுள்ள உட்பிரிவை 'ஸெய்லானிகும்' என்பர். 'டென்ட்ரோன்' என்பது மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல், நபுஞ்சகம். ஆகவே 'மரமாய் வளர்வது' என்னும் 'ஆர்போரெயும்', 'இலங்கைக்குரியது' என்னும் 'ஸெய்லானிகும்' ஆகிய இரண்டும் 'உம்' என்றே முடிந்தன.

ஒரே உயிரின் அடைமொழி காலந்தோறும் மாறிய வேடிக்கையும் உண்டு. பச்சை உடலும் கபில நிறத் தலையும் உடையதாய், ஓயாது ஒரே தாளத்திற் கூவும் குக்குறுவான் பறவைக்கு 1788இல் 'புக்கோ ஸெய்லானிகுஸ்' என்று பெயரிட்டனர். 'புக்கோ' ஆண்பால். பின்னர் அதனை 'மெகலைமா' என்னும் இனத்திற் சேர்த்தனர். அது பெண்பாலாதலின் 'ஸெய்லானிகா' ஆயிற்று. அண்மைக் காலத்தில் 'ஸிலோபோகோன்' என்னும் இனத்துக்கு மாற்றினர். அது ஆண்பாலாதலின் மீண்டும் 'ஸெய்லானிகுஸ்' ஆயிற்று. பறவை மாறவில்லை, அதன் கூவலும் மாறவில்லை. பெயர்ச்சொல் மாறவே அடைமொழி அதன்பின் நடந்தது.

'இண்டிகுஸ்' என்னும் அடைமொழியும் இவ்வாறே திரியும். 'இந்தியாவுக்குரிய' என்பது பொருள். திமிலுடைய நாட்டு மாடு 'போஸ் இண்டிகுஸ்'. மா 'மாங்கிஃபெரா இண்டிகா'. எள் 'ஸெஸாமும் இண்டிகும்'. மாடும் மாவும் எள்ளும் இல்லாத தமிழ் வீட்டு விசேஷம் ஏது? இம்மூன்றையும் மனத்திற் பதித்தவன் இவ்வகை அடைமொழிகளின் முப்பாலையும் பதித்தவனாவான்.

மயங்குதற்குரிய இடங்கள்

'உஸ்' என முடிவன எல்லாம் ஆண்பால், 'ஆ' என முடிவன எல்லாம் பெண்பால், 'உம்' என முடிவன எல்லாம் நபுஞ்சகம் என்று விதி செய்துகொண்டால் மூவிடங்களில் இடறுவோம்.

முதலாவது, மரப்பெயர். மரங்களைப் பெண்ணாகக் கொள்வது உரோமர் மரபு. ஆதலின் 'உஸ்' என முடியும் மரப்பெயர்களும் பெண்பாலாய் நிற்கும். அரசமரம் 'ஃபீக்குஸ் ரெலிகியோஸா'. ஆலமரம் 'ஃபீக்குஸ் பெங்காலென்ஸிஸ்'. கறுப்பு முசுக்கட்டை 'மோருஸ் நிக்ரா'. தோட்டங்களில் விறகுக்கும் காற்றுத்தடைக்கும் நட்ட யூக்கலிப்டஸ் வகைகளுள் ஒன்று 'யூக்கலிப்டுஸ் ரோபுஸ்தா'. தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு 'கிரெவில்லெயா ரோபுஸ்தா'. முன்னது 'உஸ்' என்றும் பின்னது 'ஆ' என்றும் முடிந்தும், இரண்டும் பெண்பாலாதலின் 'ரோபுஸ்தா' என்னும் ஒரே வடிவை ஏற்றன. 'வலிய' என்பது அதன் பொருள்.

இரண்டாவது, கிரேக்கத்திலிருந்து வந்து 'மா' என முடியும் சில சொற்கள். இவை பெண்பால் போலத் தோன்றினும் நபுஞ்சகமாம். மலைச்சரிவுகளில் ஊதாப் பூப்பூக்கும் போவிட்டியாச் செடிக்கு 'மெலாஸ்தோமா மலபாத்ரிகும்' என்று பெயர். அதன் கனியை உண்டார்க்கு வாய் கறுக்கும். இனப்பெயரின் பொருளும் 'கரிய வாய்' என்பதே. 'ஸ்தோமா' நபுஞ்சகமாதலின் அடைமொழி 'கும்' என முடிந்தது.

மூன்றாவது, அடைமொழியே அல்லாத இரண்டாஞ்சொற்கள். ஊவாவின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைநோய்ப் பூஞ்சணம் இலங்கையில் 1869இற் கண்டறியப்பட்டு 'ஹெமிலெயா வாஸ்தாத்ரிக்ஸ்' எனப் பெயர் பெற்றது. 'வாஸ்தாத்ரிக்ஸ்' என்பது 'அழிப்பவள்' என்னும் பெயர்ச்சொல். பெயரோடு பெயர் ஒட்டி நிற்பதாதலின், அதற்கு இயைபுத் திரிபு இல்லை. ஹோட்டன் சமவெளியில் ஓங்கி நிற்கும் 'கலோஃபில்லும் வாக்கரி' என்பதில் 'வாக்கரி' என்பது 'வாக்கரினுடைய' என ஆறாம் வேற்றுமை ஏற்ற ஒருவர் பெயர். இனப்பெயர் எப்பாலாயினும் அது மாறாது.

வேறு வாய்பாடுகள்

எல்லா அடைமொழிகளும் 'உஸ், ஆ, உம்' என்னும் வாய்பாட்டில் அமைவதில்லை. 'கரிய' என்னும் அடைமொழி ஆண்பாலில் 'நிகெர்' என்றும், பெண்பாலில் 'நிக்ரா' என்றும், நபுஞ்சகத்தில் 'நிக்ரும்' என்றும் நிற்கும். மிளகு 'பிபெர் நிக்ரும்', 'பிபெர்' நபுஞ்சகம்.

'ஓரிடத்துக்குரிய' எனப் பொருள்படும் 'என்ஸிஸ்' விகுதிக்கு இரண்டே வடிவங்கள். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் 'என்ஸிஸ்', நபுஞ்சகத்துக்கு 'என்ஸெ'. தேயிலை 'கமெல்லியா ஸினென்ஸிஸ்': சீனத்துக்குரியது. றப்பர் 'ஹெவெயா பிரஸிலியென்ஸிஸ்': பிரேசிலுக்குரியது. காரம் மிக்க மிளகாய் வகையொன்று 'கப்ஸிகும் சினென்ஸெ'. 'கப்ஸிகும்' நபுஞ்சகமாதலின் இறுதி 'ஸெ' ஆயிற்று. 1861இல் ஹக்கலைப் பூந்தோட்டம் எதன்பொருட்டுத் தொடங்கப்பட்டதோ அந்தச் சிங்கோனாவின் ஒரு வகை 'சிங்கோனா ஒஃபிசினாலிஸ்': மருந்துச்சாலைக்குரியது. இதுவும் இருவடிவ அடைமொழியே. முப்பாலுக்கும் ஒரே எழுவாய் வடிவுடைய 'எலெகான்ஸ்' போன்றனவும் சில உள. அவை மாணவர்க்குத் துன்பம் தருவதில்லை.

விகுதிப் பிழையும் பொருட்பிழையும்

இதுவரை அடைமொழியின் வடிவத்தைக் கண்டோம். அது சொல்லும் பொருள் மெய்யா என்பதையும் காண்டல் வேண்டும்.

கோப்பியின் பெயர் 'கோஃபெயா அராபிகா': அரபு நாட்டுக்குரியது. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் அது. கோப்பியின் பிறப்பிடமோ எத்தியோப்பிய மலைநாடு. புளியமரத்தின் பெயர் 'தமரிண்டுஸ் இண்டிகா'. 'உஸ்' என முடிந்தும் மரமாதலின் 'இண்டிகா' எனப் பெண்பாலாயிற்று என்பதை ஈண்டு நோக்குக. அரபியர் 'இந்தியப் பேரீச்சை' என்றழைத்தமையால் வந்த பெயர் அது. அம்மரத்தின் தாயகமோ ஆபிரிக்கா. மேலே கூறிய 'சினென்ஸெ' மிளகாய்க்கும் சீனத்துக்கும் தொடர்பில்லை. 1776இற் பெயரிட்டவர் அதனைச் சீனத்துச் செடியென்று கருதினார். அது அமெரிக்கக் கண்டத்தது. 'ஸெய்லானிகா' என்னும் கொடிவேலியும் இலங்கைக்கு மட்டும் உரியதன்று; ஆபிரிக்காவிலும் இந்தியாவிலும் தானே வளருகின்றது. இவ்வடைமொழிகள் பல செடியின் பிறப்பைச் சொல்லவில்லை. பெயரிட்டவர் அதனை எங்கிருந்து பெற்றார், எங்கிருந்து பெற்றதாக நினைத்தார் என்பதையே சொல்லுகின்றன.

பெயரிடுவோர் சங்கத்தின் விதிகள் இவ்விடத்து விந்தையானவை. அடைமொழியின் விகுதி பெயரோடு இயையாதிருப்பின் அதனைத் திருத்தியே ஆகவேண்டும். ஆனால், அடைமொழி சொல்லும் செய்தி பொய்யாயினும், அக்காரணம் பற்றிப் பெயரைத் தள்ளுதல் கூடாது. முதலில் இட்ட பெயரே நிலைக்கும். இலங்கையின் பெருஞ்செல்வமாயிருந்த கறுவாவுக்குச் 'சின்னமோமும் ஸெய்லானிகும்' என்னும் மெய்ப்பெயர் 1826இல் இடப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்னரே, 1825இல், 'சின்னமோமும் வேரும்' என்று மற்றொருவர் பெயரிட்டிருந்தார். 'மெய்யான' என்பது பொருள். ஆகவே 'வேரும்' நிலைத்தது, 'ஸெய்லானிகும்' ஒதுங்கியது. விகுதிப் பிழை திருத்தப்படும், பொருட்பிழை பொறுக்கப்படும். பெயர் அடிக்கடி மாறினால் உலகத்தார் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்ளல் அரிதாகும் என்பதே இதற்குக் காரணம். நியாயமான காரணமே. புளியமரம் தன்னை 'இண்டிகா' என்றதற்கு வருந்துவதுமில்லை. அதனால் அதன் காய் குறைவதுமில்லை.

மனிதர்க்கு இடும் அடைமொழி அத்தகையதன்று. ஊவாவின் தோட்டங்களிலே பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே மண்ணானோர் தலைமுறை பல. கோப்பிச் செடிக்கு 'அராபிகா' என்றும் தேயிலைக்கு 'ஸினென்ஸிஸ்' என்றும் அடைமொழி இருந்தும், அவற்றின் விளைவு 'இலங்கைக் கோப்பி', 'இலங்கைத் தேயிலை' என்றே உலகச் சந்தையில் விற்றது. கொழுந்து பறித்தவர்க்கு மட்டும் அவ்வடைமொழி கிட்டவில்லை. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு அவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனி நிரலில் எழுதிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி இரு நாட்டுப் பிரதமரும் செய்த உடன்படிக்கை, ஏறத்தாழ 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள இசைந்தன. பிறந்த ஊர் ஹல்துமுல்லையாயிருந்தும், தம் பெயருக்கு முன்னே எழுதப்பட்ட அடைமொழியைப் பின்பற்றித் தாம் காணாத தேசத்துக்குக் கப்பலேறினோர் எத்தனை ஆயிரவர்!

இலத்தீன் இலக்கணம் கற்றவன் இவ்விடத்து ஒன்றைக் காண்பான். பெயர் தலைமை, அடைமொழி துணை. பெயர் செல்லும் வழியே அடைமொழி செல்லல் வேண்டும். குக்குறுவானின் இனப்பெயர் மாறியபோது அடைமொழி மாறியது. அடைமொழிக்காகப் பறவையை எவரும் நாடு கடத்தவில்லை. மனிதர் திறத்திலோ அடைமொழி தலைமையாகி, பெயருடையார் அதன்பின் நடக்கலாயினர். இலக்கணத்திலே இதனை வழு என்போம். வாழ்விலே இதனை இடர் என்போம்.

வழு திருத்தப்படவும் செய்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்கட்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலே, அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 'மலையகத் தமிழர்' என்னும் அடைமொழி அச்சமுதாயம் தானே தனக்குத் தேர்ந்துகொண்டது. தன் பெயருக்குரிய அடையைத் தானே தேர்தல் செடிக்கு இயலாது. மனிதர்க்கு இயலும், இயலவும் வேண்டும்.

மாணவர்க்கு ஒரு சொல். உங்கள் பாடசாலைத் தோட்டத்துச் செடிகளின் இலத்தீன் பெயர்களை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரிலும் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இரண்டாஞ்சொல் அடைமொழியா, பெயரா? அடைமொழியாயின் எப்பால், முதற்சொல்லோடு அது இயைகின்றதா? அது சொல்லும் செய்தி மெய்யா? முதலிரண்டு வினாக்களுக்கு இக்கட்டுரையின் பட்டியலே விடை தரும். மூன்றாவதற்கு வரலாற்றையும் பூகோளத்தையும் நாடல் வேண்டும். செடியைவிட்டு மனிதரைப் பற்றிப் பேசும்போதும் அவ்வினாவை விடாது கேட்டல் வேண்டும். பழைய மாணவராகிய அன்பர்கள் தம் பிள்ளைகளோடு இதனைச் செய்து பார்ப்பாராயின், வழக்கொழிந்த மொழியென்று ஒதுக்கப்பட்ட இலத்தீன் தம் வாயிற்படியிலேயே உயிரோடு நிற்பதைக் காண்பர்.